கெமிக்கல் இல்லாத க்ரீம்

தேன்மெழுகை நேராக அடுப்பில் வைத்து உருக்குகிறவர்களைக் கண்டால் எனக்குப் பாவமாக இருக்கும். பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அதற்குள் ஒரு கிண்ணத்தை இறக்கி, அந்தக் கிண்ணத்தில்தான் மெழுகைப் போட வேண்டும். பிறகு தேங்காய் எண்ணெய், கொஞ்சம் ஆலிவ் எண்ணெய். எல்லாம் உருகிக் கண்ணாடி மாதிரி தெளிந்ததும் இறக்கிவிட்டு, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு, வடிகட்டிய கற்றாழைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டு அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அவசரப்பட்டால் எண்ணெய் ஒரு மூலை, தண்ணீர் ஒரு மூலை என்று கல்யாணத்தில் கோபித்துக்கொண்ட சம்பந்திகள் மாதிரி பிரிந்து நிற்கும். அப்புறம் யார் வந்து சமாதானம் பேசினாலும் சேராது.

நீங்கள் செய்முறை கேட்கவில்லை என்று தெரியும், மேடம். ஆனால் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறாரே, அவர்தான் முதலில் இருந்து சொல்லச் சொன்னார். எனக்கு முதல் என்றால் மெழுகுதான்.

என் மகள் அம்முவுக்குச் சின்ன வயதில் தோல் வறட்சி இருந்தது. குளிர் தொடங்கினால் போதும், முழங்கைகளும் கன்னங்களும் காய்ந்த ஏரி மாதிரி வெடித்துவிடும். கடையில் விற்ற க்ரீம்களைப் பூசினால் எரிகிறது என்று வீட்டைச் சுற்றி ஓடுவாள். அதனால் நானே செய்யத் தொடங்கினேன். முதல் முறை செய்தது கோந்து மாதிரி வந்தது. இரண்டாவது முறை பார்க்க வெண்ணெய் மாதிரியே இருந்ததால் என் வீட்டுக்காரர் ரொட்டியில் தடவிச் சாப்பிட்டுவிட்டார். "கொஞ்சம் உப்பு கம்மி" என்பது மட்டும்தான் அவர் சொன்ன குறை. அவர் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். வாயில் வைத்தது எது என்று விசாரிக்கிற சுபாவம் கிடையாது.

போகப் போகக் கை வந்துவிட்டது. அம்மு குளித்துவிட்டு ஈரத் துண்டோடு என் முன்னால் வந்து உட்காருவாள். ஈரம் முழுதும் காய்வதற்குள் பூச வேண்டும், அதுதான் சூட்சுமம். நான் பூசப் பூச அவள் பள்ளிக்கூடத்துக் கதை எல்லாம் கொட்டுவாள். யார் யாரோடு பேசவில்லை, எந்த டீச்சர் தூங்கினார், எல்லாம். ஒரு பெண் தன் அம்மாவிடம் மனம் விட்டுப் பேச வேண்டுமென்றால், மேடம், அவள் முதுகு நம் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். நம் கை அதன் மேல் இருக்க வேண்டும்.

பிறகு அவள் வளர்ந்தாள். தோல் தானாகச் சரியாகிவிட்டது. ஒருநாள் நான் கிண்ணத்தை எடுத்து வந்தபோது, "வேணாம்மா, பிசுபிசுன்னு இருக்கு" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வருத்தப்படவில்லை. கிண்ணத்தில் இருந்ததை என் வீட்டுக்காரரின் குதிகாலில் பூசினேன். அவர் கதை எதுவும் சொல்லவில்லை, தூங்கிவிட்டார்.

அம்முவுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை வேறு ஊரில் பெரிய ஹோட்டல் ஒன்றில் வரவேற்பில் இருப்பவர். நல்ல மனிதர். நாள் முழுக்கச் சிரிப்பதற்குச் சம்பளம் வாங்குவதால் வீட்டிலும் அந்தச் சிரிப்பை நிறுத்த வராது. அம்மு ஃபோன் பண்ணுவாள். "நல்லா இருக்கேன், அவரும் நல்லா இருக்கார், வச்சிடறேன்." ரயில் நிலையத்து அறிவிப்பில்கூட இதைவிடக் கொஞ்சம் பாசம் இருக்கும். நான் ஏதாவது கேட்பதற்குள் வண்டி போய்விட்டிருக்கும்.

குழந்தை பிறந்து தவழ ஆரம்பித்த பிறகுதான் முதல் தடவையாகத் தூக்கிக்கொண்டு வந்தாள். பேத்தியை நான் பட்டு என்றுதான் கூப்பிடுவேன். பிரயாணத்தில் குளிர்பதனக் காற்று அடித்து, கன்னம் இரண்டும் கொஞ்சம் சிவந்து சொரசொரப்பாக இருந்தது. நான் நேராகச் சமையலறைக்குப் போய் மெழுகை எடுத்தேன். இரண்டொரு நாளில் கன்னம் பெயருக்கு ஏற்றபடி ஆகிவிட்டது. அன்றைக்கு அம்மு என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள். கல்யாணத்துக்கு முன்னால்கூட அப்படிப் படுத்து வெகுகாலம் ஆகியிருந்தது.

"நீ இல்லன்னா நான் என்னம்மா பண்ணியிருப்பேன்" என்றாள்.

அந்த வாக்கியத்தை மட்டும் எழுத்து மாறாமல் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அதில் இருந்து வந்ததுதான்.

குழந்தைக்குச் சரியாகிவிட்டதால் அம்மு பெட்டியை எடுத்து அடுக்கத் தொடங்கினாள். இதில் இருக்கிற அநியாயத்தை நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். நான் அவ்வளவு நன்றாகச் செய்திருக்காவிட்டால் அவள் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாள். கைத்திறமைக்குத் தண்டனை என்றால் அது இதுதான். அடுத்த நாள் காலையில் பட்டுவை உட்காரவைத்துக் குளிப்பாட்டுகிற அகல வாளியில் வெந்நீர் விளாவிக்கொண்டிருந்தேன். துணி துவைக்கிற சலவைச் சோடா பக்கத்து அலமாரியில்தான் இருந்தது. ஒரு கரண்டி போட்டேன். சின்னக் கரண்டிதான். தண்ணீரில் போட்டதும் கரைந்துவிடும். நிறம் இல்லை, மணம் இல்லை. குழந்தை எப்போதும் போல நீரைத் தட்டித் தட்டிச் சிரித்தது.

சாயங்காலமே கை மடிப்புகளில் வறட்சி வந்துவிட்டது. அம்மு பெட்டியை மறுபடி கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

நான் குழந்தையைத் துன்புறுத்தினேன் என்று உங்கள் தாளில் எழுதியிருக்கிறது. அது சரியான வார்த்தை இல்லை. காலையில் போன ஈரத்தை நான் சாயங்காலமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். மணிக்கணக்காக மடியில் வைத்துப் பூசினேன். அந்தக் குழந்தையைத் தொட்ட மாதிரி யாரும் எந்தக் குழந்தையையும் தொட்டிருக்க மாட்டார்கள். பூசும்போதெல்லாம் அம்முவும் பக்கத்தில் வந்து உட்காருவாள். மாப்பிள்ளையோடு வருகிற சண்டை, வேலையிடத்துத் தொல்லை, எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. எனக்கு என் பெண் திரும்பக் கிடைத்திருந்தாள்.

அவள் சும்மா இருக்கவில்லை, டாக்டரிடம் கூட்டிப் போனாள். அவர் களிம்பு எழுதிக் கொடுத்தார். அதில் என்னென்ன கெமிக்கல் இருக்கிறது என்று நான் ட்யூபைத் திருப்பிப் படித்துக் காட்டினேன். வாயில் நுழையாத பெயர்கள். "இதெல்லாம் குழந்தை உடம்புல ஏறணுமா?" என்று கேட்டேன். அம்மு ட்யூபைக் குப்பையில் போட்டாள். குழந்தைகள் மேல் கண்ட கெமிக்கலையும் போடுவதில் எனக்கு இன்றைக்கும் உடன்பாடு கிடையாது.

க்ரீமை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போகிறேன் என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். நான் இருக்கிற உண்மையைச் சொன்னேன். கற்றாழைச் சாறு சேர்த்தது, கெடாமல் இருக்க எதுவும் கலக்காதது, நாலு நாளில் புளித்துவிடும். அவ்வப்போது புதிதாகச் செய்ய வேண்டும். இது பொய்யில்லை, யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

அப்புறம் மாப்பிள்ளை வந்து இறங்கினார். குழந்தையைப் பார்த்தார், சிரிப்பு கொஞ்சம் நின்றது. அம்முவையும் குழந்தையையும் இதே ஊரில் இருக்கிற அவர்கள் ஹோட்டல் கிளைக்குக் கூட்டிப் போய், வார இறுதி முழுவதும் வைத்துக்கொண்டார். திரும்பி வந்தபோது பட்டுவின் தோலில் ஒரு கீறல் இல்லை.

"அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க" என்று ஆரம்பித்தார். அப்படி ஆரம்பிக்கிற பேச்சை வேறு எப்படி எடுத்துக்கொள்ளவும் வழி இருப்பதில்லை. "எனக்கென்னவோ நீங்க பண்ற க்ரீம் அவளுக்கு ஒத்துக்கலையோன்னு தோணுது."

மேடம், என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். என் சமையலைச் சொல்லலாம், என் வீட்டைச் சொல்லலாம். அந்தக் க்ரீமில் ஒரு குறையும் கிடையாது. வீட்டுக்காரர் தின்றும் உயிரோடு இருக்கிறார். ஒரு கெட்ட பெயர் வந்துவிட்டால் அதைத் துடைக்க வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது. க்ரீம் பூசாதவர்களுக்கும் தோல் வெடிக்க வேண்டும், பூசிய பிறகு அவர்களுக்குச் சரியாக வேண்டும். அப்போதுதான் நியாயம் விளங்கும். இது பழிவாங்குவது இல்லை. நிரூபணம்.

மொட்டை மாடியில் எங்கள் கட்டடத்துக்கு ஒரே தண்ணீர்த் தொட்டி. மத்தியானம் ஈரத் துணி நிரம்பிய வாளியோடு மாடிப்படி ஏறுகிற பொம்பளையை உலகத்தில் யாரும் எங்கே போகிறாய் என்று கேட்டதில்லை. துணிக்கு அடியில் சோடாப் பொட்டலங்கள் இருந்தன. தொட்டி மூடி கனம்தான், ஆனால் மெழுகு அடித்து அடித்து என் கை நல்ல உறுதி.

அந்த வாரம் எங்கள் கட்டடம் முழுவதும் சொறிந்தது. லிஃப்டில் சொறிந்தார்கள், படிக்கட்டில் சொறிந்தார்கள். மூன்றாவது மாடியில் இருக்கிற டான்ஸ் மாஸ்டர் சொறிவதையே ஓர் அடவு மாதிரி செய்தார். கடைசியில் கார் நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டுக் கூட்டம் கூட்டினார்கள். எங்கள் சங்கச் செயலாளருக்கு மைக் என்று பெயர். ஒலிபெருக்கி இல்லாமலே எட்டுத் தெருவுக்குக் கேட்கும். "தொட்டியைக் கழுவணும்ங்கற தீர்மானத்தை ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க" என்றார். ஒரு கை வேலையாக இருந்ததால் எல்லோரும் இன்னொரு கையைத் தூக்கினார்கள். ஏகமனதாக நிறைவேறியது.

அந்தக் கூட்டத்தில்தான் நான் எழுந்து நின்று, கொண்டுபோயிருந்த குப்பிகளை எடுத்து வைத்தேன். காசு வாங்கவில்லை, ஒரு பைசாகூட வாங்கவில்லை. அவ்வளவு வருஷம் அந்தக் கட்டடத்தில் நான் காயில் கட்டுகிறவர் வீட்டு அம்மா. அன்றிலிருந்து க்ரீம் ஆன்ட்டி. மைக் என் கையைப் பிடித்து, "நீங்க எங்களுக்குத் தாய் மாதிரி" என்று சொன்னதை எதிர்க்கட்டடத்தில் இருந்தவர்களும் கேட்டார்கள். அம்மு கூட்டத்தின் ஓரத்தில் பட்டுவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். முகத்தில் அப்படி ஒரு பெருமை. அங்கேயே மாப்பிள்ளைக்கு ஃபோன் பண்ணி, "எங்கம்மாவச் சந்தேகப்பட்டியே" என்று பிடித்து விளாசினாள். எல்லாம் தண்ணீர் செய்த வேலை என்று முடிவாயிற்று.

ஒரு விஷயம் மட்டும் சங்கடம். தண்ணீர் கெட்டது என்றால் யாராவது கெடுத்திருக்க வேண்டும் அல்லவா. கட்டடத்துத் தொட்டியையும் குழாயையும் பார்த்துக்கொண்டது ஒரு பிளம்பர். எந்தப் பழுதைக் காட்டினாலும் "வால்வுதாங்க போயிருக்கு" என்பார். அதனால் பெயரே வால்வு. தண்ணீரைச் சுத்தப்படுத்த அவர் ஏதோ மலிவு மருந்தைக் கொட்டிவிட்டார் என்று மைக் தீர்ப்பு சொல்லிவிட்டார். "நான் அளவாத்தாங்க போடுவேன், என் புள்ளைங்களும் இதே தண்ணியத்தாங்க குடிக்குது" என்று அவர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. தொட்டிக்குள் இறங்கி அவரையே கழுவ வைத்துவிட்டு, கழுவி முடித்ததும் வேலையை விட்டு அனுப்பினார்கள். வாசலில் அவரைப் பார்த்தேன். கை இரண்டும் வெடித்திருந்தது. ஒரு குப்பி கொடுத்தேன்.

"நீங்க ஒருத்தங்கதாம்மா என்னை மனுஷனா மதிச்சீங்க" என்று கண் கலங்கினார்.

எனக்கும் கண் கலங்கியது. யாருக்காவது உதவி செய்தால் எனக்கு அப்படித்தான் ஆகும்.

தொட்டி சுத்தமாயிற்று, கட்டடம் சொறிவதை நிறுத்தியது. பட்டுவுக்கு மட்டும் முழுதாகக் குணமாகவில்லை. அவளுடைய வாளி தனி அல்லவா. நன்றாக இருந்தன அந்த மாதங்கள். இப்படியே போயிருந்தால் நான் இங்கே வந்து உங்கள் நேரத்தை வீணாக்க வேண்டியிருந்திருக்காது. ஆனால் அம்முவுக்கு விடுப்பு முடிந்துவிட்டது. வேலையிடத்தில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அவள் டிக்கெட் எடுத்தாள். எடுத்துவிட்டுச் சமையலறைக்கு வந்து என் தோளைக் கட்டிக்கொண்டாள்.

"எனக்கும் கத்துக்குடும்மா. அங்க போயி நானே செஞ்சுக்கறேன். எத்தனை நாள்தான் உன்னைக் கஷ்டப்படுத்துறது?"

நான் மறுக்கவில்லை. எதையும் மறைக்கவும் இல்லை. சொல்லிக் கொடுத்தால் ஒழுங்காகச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது என் கொள்கை. மெழுகு எவ்வளவு, சூடு எவ்வளவு, சாற்றை எப்போது விடுவது, எல்லாம் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே அடித்தாள். எனக்குக் கோந்தாகவும் வெண்ணெயாகவும் வந்தது அவளுக்கு முதல் முறையிலேயே மேகம் மாதிரி வந்தது. வெள்ளையாக, காற்றாக, கட்டி தட்டாமல். விரலால் தொட்டு என் கன்னத்தில் தடவினாள். "எப்படி இருக்கு?" என்றாள்.

என்னுடையதைவிட நன்றாக இருந்தது, மேடம். அதை நான் இப்போதும் ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் கேட்கிற மற்ற எதை ஒப்புக்கொள்வதைவிடவும் எனக்கு இது கஷ்டம்.

மறுநாள் காலையில் குளிப்பாட்டும்போது நான் சின்னக் கரண்டியைத் தேடவில்லை. பொட்டலத்தோடு கவிழ்த்தேன். தண்ணீர் வழவழவென்று ஆயிற்று. ஏற்கெனவே வெடித்திருந்த தோல் அது, எனக்குத் தெரியும். பட்டு இந்த முறை தண்ணீரைத் தட்டவில்லை. வீறிட்டு அழுதாள், என் கழுத்தைப் பிடித்து மேலே ஏறப் பார்த்தாள். நான் பாட்டுப் பாடிக்கொண்டே பிடித்து உட்காரவைத்தேன். எவ்வளவு நேரம் என்று கேட்டீர்கள். பாட்டு முடிகிற வரைக்கும்.

மூன்று இரவும் பகலும் ஆஸ்பத்திரியில் அவளுக்குக் குழாய்கள் செருகியிருந்தார்கள். தோல் விட்டுப்போன இடங்களில் கிருமி ஏறி, ரத்தத்தில் கலந்துவிட்டதாம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள் நின்றோம். அங்கே இருந்த தோல் டாக்டர் அம்மா கெட்டிக்காரி. குழந்தையின் மார்புக்கு நேராகக் கோடு கிழித்த மாதிரி புண் நிற்கிறது, தண்ணீர் நின்ற மட்டம் மாதிரி, என்றார். அப்புறம் என் கைகளைப் பார்த்தார். முழங்கை வரை வெடித்திருந்தன. "ஊருக்கே க்ரீம் பண்றவங்க கை ஏம்மா இப்படி இருக்கு?" என்று கேட்டார். என் கைக்குப் பூசிக்கொள்ள எனக்கு எங்கே நேரம் இருந்தது என்று சொன்னேன். அது நிஜம்.

பின்னால் நின்ற என் வீட்டுக்காரர் அப்போதுதான் வாயைத் திறந்தார். எத்தனையோ வருஷக் குடித்தனத்தில் எதையும் கவனிக்காத மனிதர்.

"மாசா மாசம் மூட்டை மூட்டையா சோடா வாங்குறா, டாக்டர். ஆனா என் சட்டை அழுக்காவே இருக்குதேன்னு நானும் யோசிச்சேன்."

உங்களுக்கு ஃபோன் பண்ணியதும் அவர்தான். அதற்காக நான் அவர் மேல் கோபப்படவில்லை. சட்டை விஷயத்தில் அவருக்கு நியாயமான குறை இருந்தது.

அம்மு என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. உங்கள் ஆட்கள் வரும்வரை ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் என் எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நடுவில் ஒரே ஒரு தடவை பேசினாள்.

"இருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. இருந்திருப்பேனே."

அவளுக்குச் சின்ன வயது, தெரியாது. நாம் கேட்டதற்காக இருக்கிறவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். நாம் தேவைப்பட்டு இருக்கிறவர்கள் பார்க்க மாட்டார்கள். அதை அவளுக்கு எடுத்துச் சொல்லலாம் என்று எழுந்தேன். அவள் குழந்தை இருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆமாம், நான்தான் செய்தேன். கரண்டியும் நான், பொட்டலமும் நான், தொட்டியும் நான். வால்வுக்கு வேலையைத் திருப்பிக் கொடுக்கச் சங்கத்தில் சொல்லுங்கள்; அவர் பாவம். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டினால் போடுகிறேன். பேனாதான் வழுக்கும், விரல்கள் இன்னும் வெடித்திருக்கின்றன.

என்னைக் கூட்டி வந்து இத்தனை வாரம் கழித்து நேற்றுதான் என் வீட்டுக்காரர் பார்க்க வந்தார். பட்டு பிழைத்துவிட்டாள், மாப்பிள்ளையின் ஊருக்குக் கூட்டிப் போய்விட்டார்கள் என்றார். இப்போது எந்தக் க்ரீமும் பூசுவதில்லையாம். வெறும் தண்ணீரில்தான் குளிப்பாட்டுகிறார்களாம். ஒரு வடு இல்லை, தோல் பூ மாதிரி ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டு, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று என் முகத்தையே பார்த்தார்.

நான் வாதாடவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இயற்கையான பொருள் அப்படித்தான், மேடம். பூசிய கை விலகிய பிறகுதான் அதன் பலன் தெரியும்.